கம்பெனி ஆம்ப் இருக்கிற வண்டியில் புது செட் மாட்டும் முன்

போன ஆடி மாதம் ஒருநாள் மத்தியானம், மதுரையில் வேலை பார்க்கும் ஒருவர் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் என் பட்டறை வாசலில் காரை நிறுத்தினார். ஊரில் கோயில் கொடை, அம்பாசமுத்திரம் பக்கம் போகிற வழி. வண்டியை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணாச்சி, புது ஆண்ட்ராய்டு செட் போட்டு ஒரு வாரம்தான் ஆவுது. பாட்டு வருது, ஆனா ஒரே இரைச்சல். வால்யூம் நாலுல வச்சாலே காது கிழியுது. காலைல வண்டியும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்கு. ரெண்டு நாளா தள்ளித்தான் எடுக்கேன்."

"சாவிய எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டு கதவ சாத்துங்க. ஒரு கால் மணி நேரம் பொறுங்க" என்றேன். டீ குடித்துவிட்டு வந்து, கண்ணாடித் தூண் பக்கமிருக்கும் ட்வீட்டரில், அதாவது கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரில், காதை வைத்தேன். வண்டி ஆஃப், செட் ஆஃப். ஆனாலும் உள்ளே மெல்லிசாகச் 'சர்ர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்க சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். அங்கே ஒரு அலுமினியப் பெட்டி, கம்பெனியே வைத்த ஆம்ப் (செட்டின் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்), கை பொறுக்காத சூட்டில் இருந்தது. கிளாம்ப் மீட்டரில் பேட்டரியிலிருந்து 0.8 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. தூங்கும் வண்டி பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்க வேண்டும். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் நின்றால் 19 ஆம்பியர்-அவர் காலி. மூன்று வருசப் பழைய பேட்டரி எப்படித் தாங்கும்?

அந்த வண்டியில் தனி ஆம்ப் இருக்கிறது என்பதே செட் மாட்டியவருக்குத் தெரியவில்லை. வண்டி வைத்திருப்பவருக்கும் தெரியாது. மாதத்தில் இரண்டு மூன்று வண்டி எனக்கு இந்தக் கோளாறோடு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சாதாரண வண்டியில் செட்டுக்குள்ளேயே ஆம்ப் இருக்கும். அதன் ஸ்பீக்கர் வயர் ஜோடிகள் (வெளியில் வாங்கும் செட்களில் பொதுவாக வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா) நேரே ஸ்பீக்கருக்குப் போகும். போஸ், ஜேபிஎல், சோனி என்று கதவில் பெயர் பொறித்த டாப் மாடல்களில் அநேகமாகத் தனி ஆம்ப் இருக்கும். சீட்டுக்கு அடியிலோ டிக்கியின் ஓரத்திலோ டேஷ்போர்டுக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கும். பெயர் பொறிக்காத வண்டியிலும் சிலவற்றில் உண்டு. இந்த வண்டிகளில் செட்டுக்குப் பின்னால் தெரியும் 'ஸ்பீக்கர் வயர்' ஸ்பீக்கருக்குப் போவதில்லை, ஆம்புக்குப் போகிறது. பல ஆம்ப் எதிர்பார்ப்பது ஒன்றிரண்டு வோல்ட் சின்ன சிக்னல். பெட்டியில் '4 × 50 வாட்' என்று அச்சடித்த புது செட் உண்மையில் தொடர்ந்து கொடுப்பது சுமார் 20 வாட். அதற்கே ஸ்பீக்கர் வயரில் 9 வோல்ட் வரை வரும். அதைக் கொண்டுபோய் ஆம்பின் வாயில் திணித்தால் கத்தும், கரகரக்கும், கடைசியில் ஆம்பே போகும்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த வயர் எந்த ஸ்பீக்கர் என்று பார்க்க 1.5 வோல்ட் செல்லை வைத்துத் தட்டுவார்கள், ஸ்பீக்கர் 'டப்' என்னும். தனி ஆம்ப் உள்ள வண்டியில் அப்படித் தட்டினால் சத்தம் வராது. "ஸ்பீக்கர் போச்சு சார், புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிடுவார்கள். செல்லுக்குப் பதில் 9 வோல்ட் பேட்டரியை வைத்துத் தட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை விடுங்கள்.

பழைய செட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அளந்து பார்ப்பதுதான் என் வழக்கம். பாட்டை ஓடவிட்டு, செட்டுக்குப் பின்னாலுள்ள ஸ்பீக்கர் வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டரை டிசியில் வைப்பேன். பேட்டரியில் பாதி, அதாவது 6 வோல்ட் பக்கம் காட்டினால் செட்டுக்குள் பவர் ஆம்ப் இருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும். பிறகு அந்த மாடலின் வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்வேன். தனி ஆம்ப் இருந்தும் ஸ்பீக்கர் அளவு சிக்னலையே வாங்கும் வண்டிகளும் இருக்கின்றன. ஆகவே இதில் குத்துமதிப்பு ஆகாது.

"ஆம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் அதிகம். கம்பெனி ஸ்பீக்கர்கள் பல 2 ஓம். புது செட் 4 ஓமும் அதற்கு மேலும் உள்ள ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டது. ஓம் குறைந்தால் செட்டில் கரண்ட் கூடிச் சூடாகும். நம்மூர் சித்திரை வெயிலில் டேஷ்போர்டுக்குள் அது என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. தவிர, பல வண்டிகளில் எந்தச் சத்தம் ட்வீட்டருக்கு, எது கதவு ஸ்பீக்கருக்கு என்று பிரிப்பதே அந்த ஆம்ப்தான். அதை எடுத்துவிட்டால் ட்வீட்டருக்கு பேஸும் சேர்ந்து போய்க் கருகிவிடும். நல்ல நிலையில் இருக்கிற ஆம்பை வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மதுரைக்காரர் வண்டியில் புது செட்டின் பின்னால், சின்ன சிக்னல் வெளிவரும் ஆர்சிஏ அவுட்டிலிருந்து சிக்னலை எடுத்து, அந்த வண்டிக்கென்றே வரும் ஆம்ப் கப்ளர் (வயர்களை இணைக்கும் சொருகி) வழியாகக் கொடுத்தேன். ஆர்சிஏ இல்லாத செட் என்றால், ஸ்பீக்கர் அளவைக் குறைத்துக் கொடுக்கும் லைன் கன்வெர்ட்டர் போட்டிருப்பேன். எந்த மைனஸ் வயரையும் பாடியில் தொடவிடவில்லை. புது செட்டின் ஸ்பீக்கர் மைனஸிலும் சிக்னல் ஓடுகிறது. அது எர்த்தில் பட்டால் உள்ளேயிருக்கும் ஆம்ப் சிப் (ஐசி) போய்விடக்கூடும்.

பேட்டரி காலியானதன் காரணமும் அங்கேயே கிடந்தது. ஆம்பை எழுப்புவதற்கு செட்டில் நீலத்தில் வெள்ளைக்கோடு போட்ட வயர் ஒன்று உண்டு. செட் ஓடும்போது மட்டும் அதில் 12 வோல்ட் வரும். அதைச் சும்மா விட்டுவிட்டு, ஆம்பின் ஆன் வயரை எப்போதும் கரண்ட் இருக்கும் மஞ்சள் வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை உருகி வழிந்து, விரலில் கறுப்பாக ஒட்டியது. மாற்றி சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். சாவியை எடுத்ததும் ட்வீட்டர் அடங்கியது.

இரண்டு எச்சரிக்கை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக்குக்கோ சீட் பெல்ட்டுக்கோ போகிறது. மீட்டரின் முனையைக் கூட அதில் வைக்காதீர்கள். சீட்டைக் கழற்றுவதானால் பேட்டரி மைனஸை எடுத்துச் சில நிமிடம் பொறுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். அடுத்து, சில ஐரோப்பிய வண்டிகளில் செட்டுக்கும் ஆம்புக்கும் நடுவில் செம்பு வயரே கிடையாது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் இழையில் சிவப்பு ஒளியாகப் பாட்டு போகிறது. வேறு சில வண்டிகளில் ஆம்பை எழுப்புவதே, வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் லைனில் வரும் கட்டளைதான். அந்த மாடலுக்கான இன்டர்பேஸ் பெட்டி கையில் இல்லாமல் இவற்றைத் திறக்கவே கூடாது. ரிவர்ஸ் சென்சார், சீட் பெல்ட் எச்சரிக்கைச் சத்தங்கள் கூட சில வண்டிகளில் அந்த ஆம்ப் வழியாகத்தான் வரும். அவை புது செட்டிலும் வருமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் பழைய செட்டையும் கழற்றிய பிராக்கெட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி கப்ளர் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு வால்யூமைச் சைபரில் வைத்து, ட்வீட்டர் பக்கம் காதைக் கொடுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க 'வீய்ங்' என்று ஏறுகிறதா, ஹெட்லைட் போட்டால் கூடுகிறதா பாருங்கள். ஏறினால் பெரும்பாலும் எர்த்தில் கோளாறு, அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். கடைசியாகச் சாவியை எடுத்து, கால் மணி நேரம் கழித்து ஆம்பின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஆறியிருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்கலாம்.