வெளிநாட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பெசிமன் கொண்டு போறீங்களா? பல்லுயிர்ச் சட்டம் சொல்றதை முதல்ல பாருங்க

வகைப்பாட்டியல் (உயிரினங்களை அடையாளம் கண்டு வகை பிரிக்கிற படிப்பு), எவல்யூஷனரி பயாலஜி படிக்கிறவங்களுக்கு வெளிநாட்டு கான்ஃபரன்ஸ், சம்மர் ஸ்கூல், மியூசியத்துல நடக்குற ரெண்டு வார டிரெய்னிங்னு இப்ப வாய்ப்பு நல்லாவே வருது, செலக்ட் ஆன மெயில்ல கீழ ஒரு வரி இருக்கும், உங்க சொந்த மெட்டீரியல், அதாவது ஆராய்ச்சிக்கு எடுத்து வச்ச ஸ்பெசிமன் (உயிரின மாதிரி), இருந்தா கொண்டு வாங்கன்னு. அந்த வரியை நம்பி நாலு டியூப்ல தவளை டிஷ்யூவையோ, நியூஸ்பேப்பருக்குள்ள வச்ச பத்து ஹெர்பேரியம் ஷீட்டையோ (காய வச்ச செடி மாதிரி) பேக்ல போட்டுக்கிட்டு கிளம்புற பசங்க இருக்காங்க. வேணும்னு யாரும் சட்டத்தை மீறல, காலேஜ்ல இதைச் சொல்லித் தர ஆள் இல்ல, அதான் காரணம். அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன்.

சட்டத்தோட பேரு உயிரியல் பல்வகைமைச் சட்டம் 2002. 2023-ல பெரிய திருத்தம் வந்துச்சு, 2024-ல புது விதிகள், 2025-ல புது ஒழுங்குமுறை. அனுமதி குடுக்குறது தேசிய பல்லுயிர் ஆணையம், எல்லாரும் என்.பி.ஏ.ன்னு சொல்லுவாங்க. இது மத்திய அரசு அமைப்புதான், ஆனா டெல்லியில தேட வேணாம், 2003-ல ஆரம்பிச்சதுல இருந்தே தலைமையகம் சென்னையிலதான், இப்ப தரமணி டைசல் பயோ பார்க்ல இருக்கு.

முதல்ல நல்ல சேதி. பேப்பர் வாசிக்கிறதுக்கோ, போஸ்டர் ஒட்டுறதுக்கோ, ஸ்லைடுல பூவோட போட்டோ, மரபுவழி மரம் (இனங்களுக்குள்ள உறவைக் காட்டுற படம்), அளவெடுத்த டேபிள் எல்லாம் காட்டுறதுக்கோ பயப்பட வேணாம். ஆராய்ச்சி முடிவை வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுக்க முன் அனுமதி வேணும்னு 4-ஆவது பிரிவு சொல்லுது, அது உண்மைதான், ஆனா ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடுறதையும் கருத்தரங்கு, பயிலரங்குல பேசுறதையும் அதே பிரிவு தனியா எடுத்து வச்சிருக்கு, மத்திய அரசு வழிகாட்டுதலுக்கு உட்பட்டு இருந்தா போதும். இதைச் சரியா படிக்காம, வெளிநாட்டுல பேசவே கூடாதுன்னு ஸ்டூடன்ட்டை தடுக்குற கைடுங்களும் உண்டு, அது பெரிய அநியாயம், முதல் கான்ஃபரன்ஸ்ல கிடைக்கிற அறிமுகம்தான் பல பேருக்கு பிஎச்டியோ போஸ்ட்டாக்கோ வாங்கிக் குடுக்குது.

பிரச்னை பொருள் எல்லை தாண்டுறப்போதான். உயிரியல் வளம்னு சட்டம் சொல்றது உயிரோட இருக்குறதை மட்டும் இல்ல. செடி, விலங்கு, நுண்ணுயிர், அதோட எந்தப் பகுதியும், அதோட மரபணுப் பொருளும் அதுக்குள்ள வரும், மனுஷ மரபணுப் பொருளும் மதிப்புக்கூட்டின பொருளும் வெளிய. அதனால காஞ்ச இலையும், ஸ்பிரிட்ல போட்ட மீனும், பின் குத்துன வண்டோட ஒத்தக் காலும், லேப்ல எடுத்து வச்ச டிஎன்ஏவும் கணக்குல வந்துடும். "செத்துப்போன பூச்சிதானே", "வெறும் டிஎன்ஏதானே, கண்ணுக்கே தெரியாதே" இந்த ரெண்டு பதிலும் செல்லாது.

இந்திய ஆராய்ச்சியாளர் வியாபார நோக்கம் இல்லாத அடிப்படை ஆராய்ச்சிக்காக இந்த மாதிரிப் பொருளை வெளிய எடுத்துட்டுப் போறதுக்கோ அனுப்புறதுக்கோ தனி விண்ணப்பம் இருக்கு, என்.பி.ஏ. சைட்லயே ஆன்லைன்ல போடலாம். என்ன இனம், எவ்வளவு, எங்க எடுத்தது, எந்த லேப்புக்குப் போகுது, அங்க என்ன செய்வீங்க, மிச்சம் என்ன ஆகும், இதெல்லாம் தெளிவா எழுத ரெடியா இருங்க. 2014 ஒழுங்குமுறையில விண்ணப்பம் கிடைச்ச 45 நாளுக்குள்ள அனுமதி தரணும்னும், கிளம்புறதுக்கு முன்னாடி வௌச்சர் ஸ்பெசிமனை (சான்றா வைக்கிற மாதிரி) அரசு அறிவிச்ச களஞ்சியத்துல வச்சுட்டு அந்த ரசீதை என்.பி.ஏ.க்கு அனுப்பணும்னும் இருந்துச்சு. இப்ப அதுக்குப் பதிலா புது ஒழுங்குமுறை வந்துட்டதால சீனியர் குடுத்த பழைய ஃபார்மை ஃபில் பண்ணாதீங்க, சைட்ல இன்னைக்கு என்ன ஃபார்ம் இருக்குன்னு பார்த்து அதைப் போடுங்க. என் அபிப்பிராயம், செலக்ஷன் மெயில் வந்த அன்னைக்கே இந்த வேலையை ஆரம்பிக்கணும், விசா வரட்டும் பார்த்துக்கலாம்னு விட்டா கண்டிப்பா லேட் ஆகிடும். பொருளை எடுத்த இடம் காடோ சரணாலயமோன்னா வனத்துறை பர்மிட் காப்பியும் கையில இருக்கணும், பர்மிட் இல்லாம எடுத்ததை பின்னாடி என்.பி.ஏ. பேப்பர் வாங்கி சரிக்கட்ட முடியாது.

அடுத்தது நிறைய பேர் கவனிக்காம விடுற இடம், யார் இந்தியர்ங்கிற கேள்வி. 3-ஆவது பிரிவுப்படி வெளிநாட்டுக் குடிமக்களோட சேர்த்து, வருமான வரிச் சட்டக் கணக்குல என்.ஆர்.ஐ.யா இருக்குற இந்தியக் குடிமகனும் ஆராய்ச்சிக்காக உயிரியல் வளத்தை எடுக்குறதுக்கே என்.பி.ஏ. முன் அனுமதி வாங்கணும். தென்காசியில பொறந்து வளர்ந்து, ஜெர்மனியில பிஎச்டி பண்ணிக்கிட்டு வருஷத்துல பெரும்பாலான நாள் அங்கயே இருக்குற பொண்ணு லீவுக்கு வந்து குற்றாலம் மலையில நத்தை பொறுக்கினா, பாஸ்போர்ட் இந்தியாதுங்கிறது மட்டும் போதாது, வரிக் கணக்குல அவங்க என்.ஆர்.ஐ.யான்னு பார்க்கணும். யாழ்ப்பாணத்துல இருந்தோ மலேசியாவுல இருந்தோ தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வர்றவங்களுக்கும் இதே பிரிவுதான், ஃபீல்டு டிரிப்ல சாம்பிள் எடுக்குற திட்டம் இருந்தா நடத்துறவங்க முன்கூட்டியே இதை யோசிச்சு வைக்கணும்.

உங்க இன்ஸ்டிடியூட்டுக்கும் அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கும் மத்திய அரசு ஒப்புதல் வாங்குன கூட்டு ஆராய்ச்சித் திட்டம் இருந்தா கதை வேற. 5-ஆவது பிரிவு அந்த மாதிரித் திட்டத்துக்கு 3, 4 ரெண்டு பிரிவுல இருந்தும் விலக்கு குடுக்குது, அதுக்கான வழிகாட்டுதல் 2006-ல வந்துச்சு. தனி ஆளா போறதுக்கு முன்னாடி டிபார்ட்மெண்ட்ல இப்படி ஒரு புராஜெக்ட் ஓடுதான்னு கேட்டுப் பாருங்க.

மீறினா என்ன? முன்னாடி அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில் இருந்துச்சு. 2023 திருத்தத்துல ஜெயிலை எடுத்துட்டு அபராதம் வச்சாங்க, குறைஞ்சது 1 லட்சம், 50 லட்சம் வரைக்கும் போகலாம். ஸ்டைபண்டுல வாழுற ஆளுக்கு 1 லட்சம்கிறதே தாங்காது.

நம்ம நாட்டு அனுமதி கையில இருந்தாலும் பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு, போற நாட்டு குவாரன்டைன் விதி தனி. 2017-ல நடந்ததைப் பாருங்க, பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் குவீன்ஸ்லாந்து ஹெர்பேரியத்துக்கு அனுப்புன 105 பழைய தாவர ஸ்பெசிமனை ஆஸ்திரேலிய அதிகாரிங்க பேப்பர் சரியில்லன்னு எரிச்சுட்டாங்க. 19-ஆம் நூற்றாண்டுல சேகரிச்சது, திரும்ப எங்கயும் கிடைக்காது. அவ்ளோ பெரிய ரெண்டு நிறுவனத்துக்கு நடுவுலயே இப்படின்னா தனி ஸ்டூடன்ட்டோட கவரை யாரு நின்னு பார்ப்பா? ஸ்பிரிட்ல இருக்குற ஸ்பெசிமனுக்கு விமான விதியும் சேர்ந்துக்கும், விமான நிறுவனங்களோட உலகச் சங்கமான ஐயாட்டாவோட ஏ180ங்கிற விதிப்படி தொற்று இல்லாத ஸ்பெசிமன்னா ஒரு குப்பியில 30 மில்லி, மொத்தப் பெட்டியில 1 லிட்டர் வரைக்கும்தான் ஆல்கஹால் போகலாம், பேக்கிங்கும் அவங்க சொன்ன மாதிரி பல அடுக்கா இருக்கணும். ஏர்லைன்ஸ்கிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க.

பயணச் செலவுக்கு, முன்னாடி செர்ப் (மத்திய அரசோட அறிவியல் ஆராய்ச்சி நிதி வாரியம்) குடுத்துக்கிட்டு இருந்த இன்டர்நேஷனல் டிராவல் சப்போர்ட் திட்டம் இருக்கு, செர்ப் இப்ப ஏ.என்.ஆர்.எஃப்.ங்கிற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள்ள போயிடுச்சு. ஃப்ளைட் டிக்கெட், ரெஜிஸ்ட்ரேஷன், விசா கட்டணம் மாதிரி செலவுக்கானது, பேப்பர் ஏத்துக்கிட்ட லெட்டர் வேணும். டிராவல் கிராண்ட் சாங்ஷன் ஆனா ஸ்பெசிமனுக்கும் அனுமதி ஆச்சுன்னு அர்த்தம் இல்ல, அது வேற ஃபைல்.

கடைசியா ஒண்ணு, டிரெய்னிங்ல உக்காந்து பார்க்குறப்போ உங்க மெட்டீரியல்ல புது இனம் இருக்குன்னு தெரிய வந்தா 39-ஆவது பிரிவு நினைவுல இருக்கட்டும். புது டாக்ஸானை (இனம் மாதிரி வகைப்பாட்டுப் பிரிவை) அரசு அறிவிச்ச களஞ்சியத்துக்குத் தெரிவிச்சு வௌச்சர் ஸ்பெசிமனை அங்க வைக்கணும், செடின்னா பி.எஸ்.ஐ. (இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம்), விலங்குன்னா இசட்.எஸ்.ஐ. (இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம்) மாதிரி. டைப் ஸ்பெசிமனை (புது இனத்தோட பேருக்கு ஆதாரமான மாதிரி) லண்டன்லயோ பெர்லின்லயோ மட்டும் வச்சுட்டு வந்துட்டா, நாளைக்கு அதே மலையில வேலை செய்ற நம்ம ஊர் ஸ்டூடன்ட் ஒப்பிட்டுப் பார்க்குறதுக்கே விசா எடுக்கணும், பிரிட்டிஷ் காலத்துல சேகரிச்ச பல செடிக்கு இன்னைக்கும் அந்த நிலைமைதான். பி.எஸ்.ஐ.யோட தென் மண்டல மையம் கோயம்புத்தூர்ல இருக்கு, மெட்ராஸ் ஹெர்பேரியமும் அங்கதான், புது இனத்தோட விளக்கத்தை ஜர்னலுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே அங்க பேசி அக்செஷன் நம்பர் (பதிவு எண்) வாங்கிட்டா கட்டுரையிலயே அதைப் போட்டுடலாம்.