குறைமாதக் குழந்தைக்குக் காப்பீடு: பெயர் சேர்க்க ஒரு வயது வரை காத்திருக்காதீர்கள்

குறைமாதத்தில் பிறந்து, கர்ப்ப வாரங்களையும் சேர்த்து 36 வாரக் கணக்கு வந்த பிறகும் ஆக்சிஜன் தேவைப்பட்டால் நாள்பட்ட நுரையீரல் நோய் என்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் முதல் இரண்டு வருடத்துக்குச் சாதாரண சளியே குழந்தையை மறுபடி வார்டில் படுக்க வைத்துவிடும்.

ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் மருந்து, பரிசோதனை, ரத்தம், வண்டி எல்லாம் இலவசம். பிரசவம் தனியாரில் நடந்திருந்தாலும் சரி. “வெளியே வாங்கிட்டு வாங்க” என்று சீட்டு நீட்டினால் 104-க்குப் போன் செய்யுங்கள். இன்குபேட்டரில் கழிந்த மாதங்களும் அந்த ஒரு வயதுக்குள்தான் அடக்கம்.

அதன்பின் அவசரத்துக்குத் தனியாருக்கு ஓடினால் தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடுதான் துணை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. சிக்கல் ரேஷன் கார்டில். அதில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் காப்பீடு.

போன மழைக்காலத்தில் ஓர் அம்மாவோடு கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் நின்றேன். 29 வாரத்தில் பிறந்த அவள் மகளுக்கு அப்போது பதினான்கு மாதம். கணவர் கார்டில் குழந்தை பெயர் இல்லை, அவள் பெயரும் இல்லை. கல்யாணமாகி மூன்று வருடமாகியும் அப்பா வீட்டுக் கார்டிலேயே இருந்தது. நீக்கிவிட்டு வா, சேர்த்துவிட்டு வா, பிறப்புச் சான்று கொண்டு வா. பிரசவம் ஓர் ஊரில், சிகிச்சை வேறு ஊரில். பிறப்பு, பிறந்த ஊரில்தான் பதிவாகியிருக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அலைந்ததில் கணவருக்கு மூன்று நாள் கூலி போயிற்று. குழந்தை அங்கே ஆக்சிஜனில் கிடந்தது.

ஆகவே, குழந்தை இன்குபேட்டரில் இருக்கும்போதே வீட்டில் ஒருவர் மனைவியின் பெயரைக் கணவர் கார்டுக்கு மாற்றும் வேலையைத் தொடங்கட்டும். நல்ல நாள் பார்த்துப் பெயர் வைக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணமில்லை.

அப்புறம், “இப்ப பணம் கட்டுங்க, பிறகு காப்பீட்டில் வாங்கிக்கலாம்” என்பதை நம்பாதீர்கள். இது கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கும் திட்டமே இல்லை. குழந்தையை மருத்துவமனையில் சேர்த்த உடனே அங்குள்ள காப்பீட்டு மேசைக்குப் போய் ஒப்புதல் கேளுங்கள். பட்டியலில் உள்ள மருத்துவமனை என்றாலும், குழந்தைச் சிகிச்சைக்கு அனுமதி உண்டா என்று 1800 425 3993-இல் விசாரியுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் பலருக்கு “குறைமாதம், எடை குறைவு” என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது, எத்தனை நாள் வென்டிலேட்டர், 36 வாரத்தில் ஆக்சிஜன் இருந்ததா, நோயின் பெயர் என்ன? இவை இருக்கின்றனவா என்று வார்டிலேயே நின்று படியுங்கள். விட்டிருந்தால் எழுதி வாங்கிய பிறகு கிளம்புங்கள்.