'இன் கேமரா' விசாரணையில் கேமரா எங்கே?

பாலியல் வழக்கு ஒன்றை 'இன் கேமரா' முறையில் விசாரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டதாகச் செய்தி வந்தால், விசாரணையை வீடியோ எடுக்கப்போகிறார்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நடப்பது நேர் எதிர். பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு விசாரிப்பதற்குத்தான் அந்தப் பெயர். லத்தீனில் 'கமெரா' என்றால் அறை. 'இன் கமெரா' என்றால் அறைக்குள்ளே. அவ்வளவுதான்.

அதற்கும் முந்தைய பொருள் அறைகூட இல்லை. கிரேக்கத்தில் 'கமாரா' வளைந்த கூரையைக் குறித்தது. ரோமர்கள் அதை வாங்கி, முதலில் கூரைக்கும் பிறகு அந்தக் கூரைக்குக் கீழே இருந்த அறைக்கும் வைத்துக்கொண்டார்கள். கிரேக்கர்கள் பழைய பொருளை இன்னும் விடவில்லை. தெசலோனிகி நகரில் ரோமப் பேரரசர் கலேரியஸ் கட்டிய வளைவை ஊர்க்காரர்கள் 'கமாரா' என்றுதான் சொல்கிறார்கள்.

அறை என்ற பொருள் வந்த பிறகு சொல் அரண்மனைக்குள் நுழைந்தது. அரசனின் தனியறைதான் கஜானா இருக்கும் இடம், ஆலோசனை நடக்கும் இடம். அதனால் அறையின் பெயர் நிதித்துறைக்கும், பிறகு சட்டமன்ற அவைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. இத்தாலிய நாடாளுமன்றத்தின் கீழவை 'கமெரா'. போர்ச்சுகலில் நகராட்சி 'காமரா'. 2025 ஏப்ரல் 21 அன்று போப் பிரான்சிஸின் மறைவை அறிவித்த கர்தினால் கெவின் ஃபாரெலின் பதவிப் பெயர் 'கமர்லெங்கோ'. பழைய அர்த்தத்தில் அறைக்காரர், கஜானாவுக்குப் பொறுப்பானவர். ஸ்பானிய மொழியில் ஒரே அறையில் தங்கிய படைவீரர்கள் 'கமரதா' ஆனார்கள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'காம்ரேட்' ஆயிற்று. நம் ஊர்க் கட்சிக் கூட்டங்களில் 'காம்ரேட்' என்று கூப்பிடுகிறவர்கள், சொல்லின் கணக்கில், ஒருவரையொருவர் ரூம்மேட் என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள்.

சரி, படம் பிடிக்கும் கருவிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? இருட்டறைச் சுவரில் சிறு துளை போட்டால் வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் ஆராய்ந்த விஷயம் இது. வானியலாளர் கெப்ளர் 1604இல் அதற்கு 'கமெரா அப்ஸ்கியூரா', அதாவது இருட்டறை என்ற பெயரைப் பயன்படுத்தினார். அப்போது அது மனிதர்கள் உள்ளே நிற்கும் நிஜ அறை. அப்புறம் அறை கூடாரமாகி, லென்ஸ் பொருத்திய மரப்பெட்டியாகச் சுருங்கியது. 1820களில் பிரான்ஸில் நியெப்ஸ் முதல் புகைப்படத்தை எடுத்தது அப்படிப்பட்ட பெட்டியில்தான்.

பெட்டி சுருங்கியதுபோல் பெயரும் சுருங்கியது. கவனித்துப் பார்த்தால் விநோதம் தெரியும். விஷயமே 'இருட்டு' என்ற பாதியில்தான் இருந்தது. ஆங்கிலத்தில் அந்தப் பாதி உதிர்ந்தது. மொத்தப் பொருளையும் 'அறை' என்ற பாதி சுமந்துகொண்டது. மொழிகளில் இது அடிக்கடி நடக்கும். 'செல்போன்' என்பதில் போன் போய்விட, 'செல்லை எங்கே வைத்தேன்?' என்று தேடுகிறோம். அந்தச் 'செல்'லும் லத்தீன் 'கெல்லா'விலிருந்து வந்தது. அதற்கும் சிற்றறை என்றுதான் பொருள்!

ஆங்கிலத்தில் இந்தப் புதுப்பொருள் ஏன் இத்தனை சுலபமாக உட்கார்ந்தது? அங்கே அந்த இருக்கை காலியாக இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். லத்தீன் 'கமெரா' பிரெஞ்சுக்காரர்களின் வாயில் நூற்றாண்டுகளாகத் தேய்ந்தது. நடு உயிர் விழுந்து 'கம்ர' போல ஆனது. அதை வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள், ம-வுக்கும் ர-வுக்கும் நடுவே ஒரு 'ப' தானாகக் கேட்கும். அப்படிப் பிறந்ததுதான் 'ஷாம்ப்ர்'. அதை வாங்கி ஆங்கிலம் 'சேம்பர்' ஆக்கியது. அறைக்கு ஏற்கெனவே இப்படிச் சொற்கள் இருந்ததால், புத்தக லத்தீனிலிருந்து முழுசாக எடுத்த 'கேமரா'வுக்குக் கருவியைத் தவிர வேறு வேலை இல்லை. ஜெர்மனிலும் இதே கதை. 'கம்மர்' அறை, 'கமெரா' கருவி.

இத்தாலியில்தான் சிக்கல். அங்கே சொல் தேயவே இல்லை. ஹோட்டலில் 'கமெரா' வேண்டும் என்று கேட்டால் சாவிதான் தருவார்கள். ஆகவே கருவியை 'மாக்கினா ஃபோட்டோகிராஃபிகா' என்றோ, முன்னால் 'ஃபோட்டோ', 'டெலே' என்று எதையாவது ஒட்டியோ சொல்ல வேண்டியிருக்கிறது. ரஷ்ய மொழியில் 'கமெரா' சிறையறையாகவும், ரயில் நிலையத்தில் பெட்டிகளை வைத்துவிட்டுப் போகும் இடமாகவும், டயருக்குள் இருக்கும் டியூபாகவும் வாழ்கிறது. வீடியோ கருவிக்கும் அதே பெயர்தான். ஆனால் புகைப்படக் கருவி 'ஃபோட்டோ அப்பராத்'. பிரெஞ்சிலும் போலிஷிலும்கூட 'கமெரா' என்ற சொல் அசையும் படம் எடுக்கும் கருவிக்குத்தான்.

பிரேசில்காரர்கள் ஓர் எழுத்தை மாற்றித் தப்பித்தார்கள். 'காமரா' என்றால் அவை, 'காமெரா' என்றால் கருவி. கிரேக்கர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். கடைசிக்கு முந்தைய அசையை அழுத்தி 'கமாரா' என்றால் வளைவு, முதல் அசையை அழுத்தினால் அறை, முதல் அசையை அழுத்தி நடுவில் எகரம் வைத்தால் கருவி. மூவாயிரம் ஆண்டு வரலாறு உள்ள மொழிக்கு இதெல்லாம் சகஜம்.

நம் பக்கத்துக்கும் இந்தச் சொல் இரண்டு முறை வந்திருக்கிறது. முதலில் போர்ச்சுகீசியக் கப்பல்களில், அறை என்ற பொருளோடு. இந்தியில் அது 'கம்ரா'. தமிழ்நாட்டுப் பழைய பிராமண வீடுகளில் 'காமிரா உள்' என்று ஓர் அறை இருக்கும். அவர்கள் வழக்கில் 'உள்' என்பதே அறைதான், ஆக அறை அறை! இரண்டாவது முறை ஆங்கிலத்தோடு, கருவியாக வந்தது. இந்தி அதைக் 'கைம்ரா' என்று பிரித்துக்கொண்டது. சிங்களத்தில் 'காமரய' அறை, 'கெமராவ' கருவி. தமிழில் முதல் விருந்தாளியை அறையும் ரூமும் சேர்ந்து ஏறக்குறைய விரட்டிவிட்டன. அதனால்தான் சென்னையில் 'கேமரா', யாழ்ப்பாணத்தில் 'கமரா' என்று எப்படி எழுதினாலும் யாருக்கும் படுக்கையறை நினைவுக்கு வருவதில்லை.