ஸ்கோப்பை மாட்டினால் வீடே இருட்டாகிறதா?

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு, பத்து மணி இருக்கும். எங்கள் லேபுக்கு முன்பு பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, பழைய ஆசிலாஸ்கோப் ஒண்ணு வாங்கினேன். கிளிப்பை மாட்டினா வீடே இருட்டாயிடுது. மூணு தடவை ஆச்சு. ஸ்கோப் போயிடுச்சு போல." பின்னால் அவர் அம்மாவின் குரல் கேட்டது: "ஃபிரிட்ஜ்ல மீன் இருக்குடா!" (ஆசிலாஸ்கோப், சுருக்கமாக ஸ்கோப், என்பது வோல்ட் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதைத் திரையில் வரைந்து காட்டும் கருவி.)

"என்ன ரிப்பேர் பண்றீங்க?"

"மானிட்டர் பவர் சப்ளை."

"கிளிப்பை எதில மாட்டினீங்க?"

"பெரிய கெப்பாசிட்டரோட மைனஸ்ல."

ஸ்கோப்பில் ஒரு பழுதும் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஸ்கோப்பின் அளக்கும் வயர்தான் புரோப். அதன் நுனிக்குப் பக்கத்தில் தொங்கும் முதலைக் கிளிப்பை மல்டிமீட்டரின் கறுப்பு வயர் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அது அப்படி இல்லை. மேசை ஸ்கோப்பில் அந்தக் கிளிப், சட்டத்தின் வழியாக, மூன்று முள் பிளக்கின் வழியாக, நேராகக் கட்டடத்தின் எர்த்துக்குப் போகிறது. மானிட்டருக்குள் வரும் 230 வோல்ட் டயோடு பாலத்தைத் தாண்டிக் கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட்டாக நிற்கும். அதன் மைனஸ் முனை எர்த் அல்ல. ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம் டயோடு வழியாக லைவ் வயரோடு சேர்ந்திருக்கும். அங்கே கிளிப்பைக் கடிக்க விட்டால் லைவையும் எர்த்தையும் நாமே ஒட்டுகிறோம். கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபி சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும். சிங்கப்பூரில் 1985 ஜூலையிலிருந்தே புதிய வீடுகளுக்கு இது கட்டாயம். தம்பியை மூன்று முறை காப்பாற்றியது அதுதான். அவரோ அதையும் திட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்து என்ன கேட்பார் என்று பயந்தேனோ அதையே கேட்டார். "பிளக்ல எர்த்தைக் கழட்டிட்டா சரியாயிடும்னு சொல்றாங்களே?"

இங்கே யாரும் எர்த் முள்ளை வெட்டுவதில்லை. நம் சாக்கெட்டில் அந்த நீள முள் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துளைகளின் மூடி திறக்கும். அதனால் பிளக்கைத் திறந்து, பச்சை மஞ்சள் வயரை மட்டும் கழற்றி, டேப் சுற்றி மடித்து வைத்துவிடுவார்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்படி இரண்டு பிளக்குகளை நானே திறந்து பார்த்திருக்கிறேன். டிரிப் நிற்கும், உண்மைதான். ஆனால் கிளிப் மாட்டியிருக்கும் வரை ஸ்கோப்பின் சட்டமும், புரோப் சொருகும் உலோக வளையமும் லைவாக இருக்கும். அடுத்து வந்து பொத்தானைத் திருகுகிறவருக்கு அது தெரியாது.

எர்த் ஸ்கோப்பில் அப்படியே இருக்கட்டும். ரிப்பேர் செய்யும் பொருளை, எர்த்தோடு தொடர்பில்லாமல் மின்சாரம் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரில் போடுங்கள். ஆனால் அதற்கு அப்பால் நடப்பது ஆர்சிசிபி கண்ணில் படாது, அதனால் ஒரு கையாலேயே வேலை செய்யுங்கள். எர்த்தை இழுக்காமல் இரண்டு முனைகளுக்கு இடையிலுள்ள வோல்ட்டை மட்டும் அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் இல்லையா? இரண்டு புரோப்பின் நுனிகளை இரண்டு முனைகளிலும் வைத்து, கிளிப் எதையும் மாட்டாமல், முதல் சேனலிலிருந்து இரண்டாவதைக் கழிக்க ஸ்கோப்பிடம் சொல்லுங்கள். புரோப் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை முதலில் பாருங்கள். பேட்டரியில் ஓடும் போர்டுக்கு இந்தக் கவலையெல்லாம் வேண்டாம்.

மற்ற "கெட்டுப்போன" கருவிகளில் பாதி கெட்டதே இல்லை. 3.3 வோல்ட் சிக்னல் 330 மில்லிவோல்ட்டாகத் தெரிகிறது என்று ஒருவர் நல்ல சிப்பைக் கழற்றியே விட்டார். புரோப் சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் பத்து மடங்கு நிலையில் இருந்தது, ஸ்கோப்போ ஒரு மடங்கில். சதுர அலையின் மூலை மழுங்கியிருந்தால், ஸ்கோப்பின் முகப்பிலேயே இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் முனையில் புரோப்பை மாட்டி, அதிலுள்ள சின்னத் திருகைப் பிளாஸ்டிக் ஸ்குரூடிரைவரால் திருப்புங்கள். சோதனைக்கு சிக்னல் தரும் ஃபங்ஷன் ஜெனரேட்டர் 1 வோல்ட் என்று சொல்லி 2 வோல்ட் தந்தால், அது 50 ஓம் சுமை இருப்பதாகக் கணக்குப் போடுகிறது. மெனுவில் மாற்றினால் போதும். பவர் சப்ளையில் வோல்ட் படுத்துவிட்டால், கரண்ட் வரம்பைத் தொட்டதைக் காட்டும் சிசி விளக்கைப் பாருங்கள், வரம்பு குறைவாக வைக்கப்பட்டிருக்கும்.

மல்டிமீட்டர் விஷயம் வேறு. கரண்ட் அளந்துவிட்டு, சிவப்பு வயரை ஆம்பியர் துளையிலேயே விட்டு, அடுத்து வோல்ட் அளக்கப் போனால் அது ஷார்ட். ஃபியூஸ் போகும். போனதா என்று பார்க்க மீட்டரைப் பிரிக்க வேண்டாம். பல மீட்டர்களில் ஓமில் வைத்து, சிவப்பு வயரை வோல்ட் துளையில் சொருகி, அதன் நுனியை ஆம்பியர் துளைக்குள் விட்டாலே போதும்: ஃபியூஸ் நன்றாக இருந்தால் ஓர் ஓமுக்குக் கீழே காட்டும், போயிருந்தால் ஓஎல், அதாவது அளவுக்கு மேல் என்று காட்டும். புதிது வாங்க சிம் லிம் டவருக்குப் போகும்போது பழைய ஃபியூஸையும் கையில் எடுத்துப் போங்கள். மணல் அடைத்த 1000 வோல்ட் பீங்கான் ஃபியூஸுக்குப் பதில், அதே அளவில் இருக்கிறதே என்று கண்ணாடி ஃபியூஸை வாங்கி வராதீர்கள். எங்கள் பழைய மீட்டர் ஒன்றைத் திறந்தபோது கண்ணாடி ஃபியூஸ்கூட இல்லை; சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு எத்தனை பேர் 230 வோல்ட் அளந்தார்களோ!