அந்தத் துறைமுகத்துக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள்

வார்னிஷ் அடித்துக் கெடுத்துவிட்டு, சீர்செய்ய என்னிடம் கொண்டுவந்ததில் இந்த வருஷத்தில் இது நான்காவது படம். போன வாரம் ஒரு குடும்பத்தார் சின்னத் துறைமுக ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பாய்மரப் படகுகள், இளஞ்சிவப்பு வானம், அசையாத தண்ணீர். வண்ணங்களைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்துத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் பால் சிக்னாக்கின் பாணியில் யாரோ தீட்டியது, கையொப்பம் இல்லை. "மங்கிக் கிடந்தது சார், வார்னிஷ் அடித்ததும் பளபளன்னு ஆகிடுச்சு" என்றார்கள். அடித்தது மரச்சாமானுக்கான வார்னிஷ். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புள்ளிகளுக்கு நடுவே வெள்ளை அடிப்பூச்சு தெரிய வேண்டிய பள்ளங்களில் அது தேன் நிறத்தில் தேங்கி உறைந்திருந்தது.

எத்தனை தடவை சொல்வது? பளபளப்பு இல்லாவிட்டால் அது அழுக்கு என்று அர்த்தமில்லை. 1892-இல் படகில் தென் பிரான்சின் சான் த்ரோபே ஊருக்கு வந்து சேர்ந்த சிக்னாக், அந்தத் துறைமுகத்தைத் திரும்பத் திரும்பத் தீட்டினார். ஆரஞ்சையும் நீலத்தையும் குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், கலப்பது நம் கண்ணின் வேலை. அவர் காலத்து ஓவியர்கள் பலர் பளபளப்பை வேண்டாம் என்றே ஒதுக்கினார்கள். அவர்களில் ஒருவரான பிஸ்ஸாரோ தன் படம் ஒன்றின் பின்புறத்தில், வார்னிஷ் பூச வேண்டாம் என்று எழுதியே வைத்தார். பூசினால் அடர் நிறங்கள் இன்னும் இருண்டு, ஒளியின் சமநிலை குலைந்துவிடும். வருஷங்கள் போனால் வார்னிஷ் மஞ்சளாகும், நீலக் கடல் பச்சையாகும்.

இன்னொன்று, எல்லா மங்கலும் மேலே படிந்ததல்ல. இந்தப் புள்ளி முறையைத் தொடங்கிவைத்த ஜார்ஜ் சூராவின் 'கிராண்ட் ஜாத்' ஓவியத்தில் துத்தநாக மஞ்சள் புள்ளிகள் சில வருஷங்களிலேயே பழுப்பாகிவிட்டன. நிறமே மாறிப்போனது அது. தேய்த்தால் திரும்பாது, தேய்த்தால் இருப்பதும் போகும்.

படத்தைச் சுத்தம் செய்ய உருளைக்கிழங்கு, வெங்காயம், ரொட்டித் துண்டு, ஈரத்துணி எதுவும் வேண்டாம். சாயம் செதில் செதிலாக எழும்பியிருந்தால் தொடவே தொடாதீர்கள், முகம் மேலே இருக்கும்படி படுக்கவையுங்கள். எழும்பாத படத்துக்கு உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும், அதுவும் எப்போதாவது. நேர் வெயில் படும் சுவரிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அப்புறம், பின்பக்கத்து பழைய லேபிளைக் கிழிக்காதீர்கள். படத்தின் பிறப்புச் சான்றிதழ் பல சமயம் அதுதான்.

அந்தத் துறைமுகம் இப்போது என் மேசையில் இருக்கிறது. பஞ்சுக்குச்சியால் துளித்துளியாக எடுக்கிறேன். வார்னிஷைக் கரைக்கும் திரவம் சாயத்தையும் தொட்டுவிடும் என்பதால் ஒவ்வொரு புள்ளியிலும் நிறுத்தி, பஞ்சில் நிறம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று நாளில் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குத்தான் கடல் திறந்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று மங்கலாகத் தொங்கினால், தயவுசெய்து, வார்னிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் கொண்டுவந்து காட்டுங்கள்.