கையேட்டுக்குள் ஒளிந்திருந்த கனவு

“கருவியை ஈரமான துணியால் துடைக்காதீர்கள். உலர்ந்த இடத்தில் வைக்கவும்.”

கையேடுகளில் நாம் படிக்காமலே புரட்டிவிடும் வகை வாசகம். இதற்குள் ‘கனவு’ இருக்கிறது. முதலில் எதிர்ப்படும் ‘க’வைப் பிடியுங்கள். அங்கிருந்து நகர்ந்தால் முதலில் வரும் ‘ன’, அதன்பின் முதலில் வரும் ‘வு’. அந்தந்தச் சொற்களை வரிக்கு ஒன்றாக அடுக்கினால்:

[க]ருவியை
ஈரமா[ன]
இடத்தில் வைக்க[வு]ம்

ஈரத்துணிகூட ஆகாது என்ற கையேடு, இப்போது ஈரத்திலேயே வைக்கச் சொல்கிறது!

இதற்கு மெசாஸ்டிக் என்று பெயர். ஒளிந்த சொல் வரிகளின் இடது ஓரத்தில் நிற்காமல், நடுவே தண்டுபோல் இறங்கும். இதைப் பெரிதாக வளர்த்தவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் (1912–1992). ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘ஃபின்னகன்ஸ் வேக்’ நாவலைச் சலித்து, ஜாய்ஸின் பெயரையே தண்டாக நிறுத்திக் கவிதைகள் எடுத்தார்.

அவர் வைத்த விதி கறாரானது. இரண்டு தண்டெழுத்துகளுக்கு இடையே அவற்றில் எதுவும் மறுபடி வரக்கூடாது. வராவிட்டால் அது நூறு சதவீத மெசாஸ்டிக். இரண்டாம் எழுத்துக்கு மட்டும் தடை என்றால் ஐம்பது சதவீதம். மேலே உள்ளது நூறு சதவீதம், சரிபார்த்துக்கொள்ளலாம். தண்டெழுத்து உள்ள சொல்லின் இருபுறமும் எத்தனை சொற்களைச் சேர்ப்பது என்பதை மட்டும் ரசனைக்கு விட்டார். ‘இடத்தில்’ என்பதைச் சேர்த்து, ‘உலர்ந்த’வை வெட்டியது என் குறும்பு.

மீதியைத் தீர்மானிப்பது எழுத்தின் அரிதுதான். சராசரியாக 50 எழுத்துக்கு ஒருமுறை வரும் எழுத்துக்கு, சராசரியாக 50 எழுத்து காத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஈ’ ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று. ‘ஜே’ நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஜேம்ஸ் ஜாய்ஸ் என்ற பெயரிலோ இரண்டு ‘ஜே’. சல்லடைக் கண் அங்கே சட்டென்று சிறுத்து, மூலநூல் வேகமாகக் கழிந்துவிடும்.

தமிழில் அரிதோடு இடமும் சேர்ந்துகொள்கிறது. அளபெடையை விட்டால் உயிரெழுத்து சொல்லின் தொடக்கத்தில்தான் வரும். மெய்யெழுத்து மரபுப்படி தொடக்கத்தில் வராது. ‘அலை’யைத் தண்டாக வைத்தால் முதல் வரியில் ‘அ’வுக்கு முன்னால் அதே சொல்லின் எழுத்து எதுவும் நிற்காது. ‘கடல்’ என்றால் ‘ல்’ சொல்லின் வயிற்றிலோ வாலிலோதான் சிக்கும். ஒரு செய்யுளின் எழுத்துகளை இன்னொன்றுக்குள் ஒளித்த நம் கரந்துறைச் செய்யுள்காரர்களுக்கு இந்தத் தொல்லை பழகியது. ஆனால் அவர்கள் எழுதும்போதே ஒளித்தார்கள். கேஜ் பிறர் எழுதியதைத் தோண்டினார்.

கணினியிடம் தோண்டக் கொடுத்தால் வேறு கூத்து. நமக்குக் ‘கனவு’ மூன்று எழுத்து. யூனிகோடில் க, ன, வ, உகரக் குறி என நான்கு குறியீடுகள். எழுத்தைச் சேர்த்துப் பார்க்கத் தெரியாத நிரல், மூன்றாவதாக ‘வைக்கவும்’ என்பதன் ‘வை’யிலிருந்து ‘வ’வைப் பிய்த்தெடுக்கும். உகரக் குறிக்கோ தனியாக நான்காவது வரி போட்டுவிடும்.