குழாயில் விழுந்த பொட்டு

போன வருஷக் கடைசியில் பினாங்கின் பிறைத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குப் பரிசோதனைக்காகப் போயிருந்தேன். 8 அங்குலக் குழாய், கடல்மேடைக்குப் போக வேண்டியது, எண்ணெயோடு ஹைட்ரஜன் சல்பைடும் வரும் லைன். மூட்டுகள் அழகாக இருந்தன, எக்ஸ்ரே படமும் சுத்தம். என் கண் போனது மூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கிரைண்டர் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்த ஓர் இடத்தின் மேல்.

"இங்க என்ன இருந்துச்சு தம்பி?"

"ஒண்ணுமில்லண்ணே, ஆங்கிள் ஒண்ணு பிடிக்க ரெண்டு டேக் வச்சேன், அப்புறம் எடுத்துட்டேன்."

டேக் என்றால் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்த வைக்கும் சின்னப் பொட்டு வெல்டிங். நைட்டல் என்று நாங்கள் சொல்வது நைட்ரிக் அமிலத்தையும் ஆல்கஹாலையும் கலந்த கரைசல். பஞ்சில் தொட்டுத் துடைத்த அரை நிமிஷத்தில், வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாதிருந்த இடத்தில் நெற்றிப் பொட்டு மாதிரி இரண்டு வட்டம் எழுந்து வந்தது. கடினத்தன்மை மீட்டரை வைத்தால் 338 விக்கர்ஸ். இந்த வேலைக்கு வரம்பு 250. மில்லிமீட்டர் கணக்கில் தேய்த்து, திரும்பத் திரும்ப நைட்டல் போட்டுப் பார்த்தோம். முதல் பொட்டு போய்விட்டது. இரண்டாவது போகும்போது குழாயின் கனமும் வரைபடம் கேட்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போய்விட்டது. துண்டை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. முதலாளி அன்று என்னோடு பேசவே இல்லை.

வெல்டரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புரொசீஜரில் மூட்டுக்கு ப்ரீஹீட், அதாவது வெல்டிங்குக்கு முன் குழாயைச் சூடாக்குவது, எழுதியிருந்தது, டேக்குக்கு யாரும் எழுதவில்லை.

இப்படி ஹைட்ரஜன் சல்பைடு ஓடும் லைன் வேலைக்கு சவர் சர்வீஸ் என்று பெயர். சவர் என்பதைப் புளிப்பு என்று தமிழில் போட்டால் ரசம்தான் ஞாபகத்துக்கு வரும், அதனால் சவர் என்றே வைத்துக்கொள்கிறேன். ஈரத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் இரும்பு மெல்ல அரிக்கும். அரிக்கும்போது பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் வழக்கமாக ஜோடி சேர்ந்து வாயுவாக வெளியே போய்விடும், ஆனால் சல்பைடு அந்த ஜோடி சேர்வதைத் தடுத்துவிடுவதால் அணுக்கள் தனித்தனியாக இரும்புக்குள்ளேயே நுழைந்துவிடுகின்றன. மென்மையான இரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும். கடினமான இரும்பு, அதிலும் வெல்டிங் விட்டுப்போன இழுவிசை உள்ள இடம், சத்தமில்லாமல் பிளக்கும். ஒரு டேக் என்பது கட்டைவிரல் நகம் அளவு உருகிய இரும்பு, சுற்றிலும் 12.7 மில்லிமீட்டர் கனத்தில் ஜில்லென்ற குழாய். கொல்லன் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவதுதான் அங்கே நடக்கிறது. அரிவாளுக்கு அது நல்லது.

இன்னொன்று, இந்த விரிசலுக்குப் பிடித்த வெப்பநிலை சாதாரண அறை வெப்பம்தான். ஓடும்போது சூடாக இருந்து தாங்கிய லைன், நிறுத்தி ஆறிய பிறகு விட்டுக்கொடுக்கலாம்.

1984 ஜூலையில் சிகாகோவுக்குப் பக்கத்தில் ரோமியோவில் என்ற ஊரின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில், ஹைட்ரஜன் சல்பைடைப் பிரித்தெடுக்கும் ஓர் அமீன் கோபுரம் வெடித்து 17 பேர் இறந்தார்கள், அதில் 10 பேர் தீயணைப்பு வீரர்கள். அந்தக் கோபுரத்தில் 1974இல் ஒரு வளையத் துண்டை மாற்றி வெல்டிங் செய்திருந்தார்கள், அதன் பிறகு செய்ய வேண்டிய வெப்பச் சிகிச்சை செய்யப்படவில்லை. பத்து வருஷம் ஓடியது. கஜகஸ்தானின் கஷகான் எண்ணெய் வயலில் அவ்வளவு காலம்கூட ஆகவில்லை. 2013 செப்டம்பரில் எண்ணெய் வர ஆரம்பித்து, சில வாரங்களில் குழாய் கசிந்து, கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் குழாயை மாற்றிவிட்டு 2016இல்தான் மறுபடி திறந்தார்கள்.

சரி, இரும்பு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியதற்கு வருகிறேன். கிரேடு பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். ஏ106 பி என்ற கிரேடு கார்பன் ஸ்டீல் குழாயில் கார்பன் 0.30 சதவீதம் வரை அனுமதி. ஒரு ஹீட்டில், அதாவது ஒரு தடவை உருக்கி வார்த்ததில், 0.17 இருக்கும், அடுத்த ஹீட்டில் 0.27 இருக்கும், இரண்டுக்கும் அதே பெயர், அதே பெயின்ட், வெல்டிங் செய்த பிறகு வரும் கடினம் மட்டும் வேறு வேறு. மில் சர்டிபிகேட்டைக் கையில் எடுத்து, கார்பனோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு, குரோமியம், மாலிப்டினம், வனேடியம் மூன்றையும் கூட்டி ஐந்தில் ஒரு பங்கு, நிக்கல், செம்பு இரண்டையும் கூட்டிப் பதினைந்தில் ஒரு பங்கு எல்லாம் சேர்த்துப் பாருங்கள். எங்கள் வேலையில் பலர் இந்தக் கூட்டுத்தொகை 0.43க்கு மேல் போனால் வாங்க மாட்டார்கள்.

வெல்டிங் ராடு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. குளிரில் நன்றாகத் தாங்கும் என்று 8018-சி1 ராடை நல்ல எண்ணத்தோடு எடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அதில் நிக்கல் 2 சதவீதத்துக்கு மேல். சவர் வேலைக்கான தரவிதி நேஸ் எம்ஆர்0175, இப்போதைய ஐஎஸ்ஓ 15156, கார்பன் ஸ்டீலுக்கு நிக்கல் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்கச் சொல்கிறது. 7018 ராடு சரிதான், ஆனால் பினாங்கு மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போனால், ஹைட்ரஜனை நீங்களே ஈரமாக உள்ளே அனுப்புகிறீர்கள். ராடை ஈரமில்லாமல் வைக்கும் சூட்டுப்பெட்டி எதற்கு இருக்கிறது? சில பட்டறைகளில் அதில் கையுறை காய்கிறது, நான் பார்த்திருக்கிறேன்.

தகடு வாங்குகிறவர்களுக்கு இது தனிக் கதை. தகட்டுக்குள் இருக்கும் மாங்கனீஸ் சல்பைடு துணுக்குகள், ரோலரில் போகும்போது கட்டையால் தேய்த்த சப்பாத்தி மாதிரி நீண்டு தட்டையாகிவிடும். நுழைந்த ஹைட்ரஜன் அந்த இடுக்கில் கூடி வாயுவாகி, வெளியே வர வழியில்லாமல் தகட்டை உள்ளுக்குள்ளேயே அடை அடையாகப் பிரிக்கும். இங்கே இரும்பு மென்மையாக இருப்பதால் மட்டும் தப்ப முடியாது. கந்தகம் 0.003 சதவீதத்துக்குள் இருக்கிறதா, கால்சியம் போட்டுத் துணுக்குகளை உருண்டையாக்கியிருக்கிறார்களா, 96 மணி நேரம் ஊறவைக்கும் சோதனை நடந்ததா என்று கேளுங்கள். கடினத்தன்மை எண்ணைக் காட்டி ‘சவர் ஓகே’ என்று விற்கிறவரிடம் இன்னும் கொஞ்சம் கேளுங்கள்.

போல்ட் பற்றி ஒரு வரி: பி7, பி7எம் என்ற இரண்டு கிரேடும் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும், முத்திரையைத் தேடிப் படியுங்கள், வாயு படும் இடத்துக்கு எம் தான்.

அந்தத் தம்பி போன வாரம் போன் பண்ணினார். டேக்குக்குப் பதிலாக வளையக் கிளாம்ப் வாங்கித் தர முதலாளி ஒத்துக்கொண்டாராம். வெட்டி எடுத்த குழாய்த் துண்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ஆபீஸ் வாசல்லதான் நிக்குதுண்ணே, குடை வைக்கிறோம்" என்றார்.